எம்.சி. சாலை மாடியில் மோன்சா

சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில், துணிக்கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு கார் பந்தய சிமுலேட்டர் கூடம் நடக்கிறது. வண்டியில் போகாதீர்கள், மாலையில் நிறுத்த இடமே கிடைக்காது. தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம்.

நான்கு இருக்கைகள். ஸ்டீயரிங் நல்ல கனம். தடத்தின் ஓரக்கட்டையில் சக்கரம் ஏறினால் மணிக்கட்டு வரை அதிர்கிறது. பிரேக் பெடல் மகா முரடு, செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். மூன்றாவது இருக்கை வேண்டாம். அதில் அடிச்சட்டத்தின் போல்ட் தளர்ந்து, பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஆளோடு பின்னால் நகர்கிறது.

இத்தாலியின் மோன்சா பந்தயத் தடம் ஒன்றிலேயே, 2004-இன் ஃபார்முலா ஒன் காரான ஃபெராரி எஃப்2004-ஐயும் 2015-இன் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த) ஃபெராரியையும் அடுத்தடுத்து ஓட்டலாம். சோழவரத்தில் பந்தயம் நடந்த காலத்தில் அப்பாவோடு போய்ப் பார்த்தவன் நான். எனக்குச் சத்தம் முக்கியம். ஹெட்ஃபோனில் எஃப்2004-இன் 3 லிட்டர், பத்து சிலிண்டர் வி10 இன்ஜின் அலறுவதற்கே கொடுத்த காசு தகும். 2015-இன் 1.6 லிட்டர் டர்போ வண்டியோ வளைவு முடியுமுன் ஆக்சிலரேட்டரைத் தொட்டால் வாலைச் சுழற்றிவிடுகிறது.

குறை ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில்தான். காசிமேட்டுப் பையன் ஒருவனே ஜெயித்துக்கொண்டிருந்தான் என்று உரிமையாளர் வாராவாரம் விதியை மாற்றத் தொடங்கினார். ஒரு வாரம் எடை கூடும், மறுவாரம் வண்டியே மாறும். அவன் தோற்றான், சரி. இப்போது வார நாட்களில் மணிக்கணக்காகக் காசு கட்டிப் பழகும் இன்னொருவன் அரை நிமிட வித்தியாசத்தில் ஜெயிக்கிறான்.

ஃபார்முலா ஒன்னிலும் இதே கதைதான். 2004-இல் 18 பந்தயங்களில் 15-ஐ வென்ற ஃபெராரி, நடுவே டயர் மாற்றக்கூடாது என்ற விதி வந்த 2005-இல் ஒன்றே ஒன்றுதான் வென்றது. அதுவும் மிஷெலின் டயர் அணிகள் விலகி, ஆறே கார்கள் ஓடிய இண்டியானாபோலிஸில். (நம் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றது அங்கேதான்.) 2014-இல் ஹைபிரிட் இன்ஜின் வந்ததும் 19-இல் 16 மெர்சிடிஸுக்கு. 2022-இல் காற்றியக்க விதிகளை, அதாவது காரின் மேல் காற்று ஓடும் விதத்தைத் தீர்மானிக்கும் வடிவ விதிகளைப் புரட்டிப்போட்டார்கள். மறு ஆண்டு ரெட் புல் 22-இல் 21. அதே விதிகள் நிலைத்து நின்றதால் 2024-இல் ஏழு ஓட்டுநர்கள் ஆளுக்கு இரண்டு பந்தயமாவது வென்றார்கள். புது விதி வந்தால் முதலில் படித்துத் தயாரானவன் முன்னே ஓடிவிடுவான். மற்றவர்கள் எட்டிப்பிடிக்க அவகாசம் வேண்டும்.

உரிமையாளர் விதியை ஆறு மாதமாவது தொடாமல் இருக்கட்டும். ஃபார்முலா ஒன்னில் முதலிடம் பிடித்த அணிக்கு, காரின் மேல் காற்றை வீசி வடிவத்தைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் நேரம் குறைவு, பின்தங்கிய அணிக்கு அதிகம். அதுபோல் இங்கும் கடைசியில் வந்தவர்களுக்கு அரை மணி நேரம் இலவசப் பயிற்சி கொடுக்கலாம். சொல்லிப் பார்த்தேன், சிரித்தார். அதுவரை ஞாயிறு போட்டிக்குப் பணம் கட்டாதீர்கள். வார நாளில் கூட்டமில்லாத காலையில் போய், முதல் இருக்கையைக் கேட்டு வாங்கி, எஃப்2004-இல் உட்காருங்கள்.