கோமாளி மீனா, நீல டேங் (tang) மீனா?

கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

இடம்
கோமாளி (ஒசெல்லாரிஸ் இனம்): 8–9 செ.மீ. வளரும். கடலிலேயே தான் வாழும் கடல் சாமந்தியை (பூப்போல் தெரியும் கடல் உயிரி) விட்டு அதிகம் விலகாது. ஜோடிக்கு 100 லிட்டர் போதும்; தொட்டியில் சாமந்தி கட்டாயமில்லை.
நீல டேங்: 30 செ.மீ. வரை வளரும், நாள் முழுக்க நீந்தும். கிளைப் பவளத்துக்குள் ஒளியும் குஞ்சைப் பார்த்து ஏமாறாதீர்கள். 700 லிட்டருக்குக் குறைந்த தொட்டி அதற்குக் கொடுமை.

தீனி
கோமாளி: குறுந்தீனி, உறைந்த இறால்.
டேங்: தினமும் நோரித் தாள் (உலர்ந்த கடற்பாசித் தாள்) வேண்டும்.

நோய்
டேங்கை வெண்புள்ளி எளிதில் பிடிக்கும். புது மீனை 4 வாரமாவது தனித் தொட்டியில் வையுங்கள். செம்பு மருந்தை அங்கேயே முடித்துவிடுங்கள். பிரதான தொட்டியில் ஊற்றினால் பவளமும் இறாலும் செத்துவிடும். டேங்கின் வால் அடியில் உள்ள கூர்முள் வலையில் சிக்கும் என்பதால் டப்பாவில் பிடிப்பதே நல்லது.

வரவு
கோமாளி: பண்ணையில் பிறந்ததே கிடைக்கும், அதையே கேளுங்கள்.
டேங்: 2016இல் ஃப்ளோரிடாவில் இனப்பெருக்கம் கைகூடியும், சந்தைக்கு வருபவை பெரும்பாலும் கடலில் பிடித்தவையே.

முதல் தொட்டிக்குக் கோமாளிதான். இரண்டு மீட்டர் நீளத் தொட்டி நிலைப்பட்ட பிறகு டேங் வாங்கலாம்.