மூடிகளைப் பலகையாக்குவதா, வார்ப்பதா, பின்னுவதா?

சென்னை திருவான்மியூரில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த பதினொரு குடும்பங்கள் பாட்டில்களையும் மூடிகளையும் தனியே சேர்க்கத் தொடங்கியபோது, அவற்றைக் காயலான் கடைக்குப் போடாமல் நாங்களே பயன்படும் பொருளாக மாற்றுவது என்று முடிவெடுத்தோம். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, மூடிகளை அரைத்து, உருக்கி, நெம்புகோலால் அச்சுக்குள் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் முறை. இரண்டாவது, சூடான இரு தகடுகளுக்கு இடையே அழுத்திப் பலகையாக்குவது. மூன்றாவது, பாட்டிலை நாடாவாகச் சீவிக் கூடை பின்னுவது. முதல் வழியில் தொடங்கி இரண்டாவது வழிக்கு மாறியவர்கள் நாங்கள். ஆகவே பலகையின் பக்கமே என் மனம் சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நெதர்லாந்தைச் சேர்ந்த டேவ் ஹாக்கன்ஸ் 2013-இல் தொடங்கிய 'பிரிஷியஸ் பிளாஸ்டிக்' திட்டம் இத்தகைய இயந்திரங்களின் வரைபடங்களை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டிருப்பதால், நல்ல வெல்டிங் பட்டறை ஒன்று அருகில் இருந்தால் செய்துகொள்வதில் பெரிய தடை இல்லை. இன்ஜெக்‌ஷன் முறையில் சில நிமிடங்களுக்கு ஒரு சாவிக்கொத்து வந்து விழும். ஒவ்வொன்றும் ஒரே அளவில் இருக்கும். குழந்தைகளுக்கு நெம்புகோலை இழுப்பதில் சலிப்பே வராது. புதிய வடிவம் வேண்டுமென்றால் புதிய உலோக அச்சு கடைந்தாக வேண்டும் என்பதைத் தவிர, பொருளின் தரத்தில் நான் குறை சொல்ல மாட்டேன்.

எங்களை மாறச் செய்தது பராமரிப்பு. அரவை இயந்திரத்தின் கத்திகள் சாதாரண இரும்பு. கடலோ நடக்கும் தூரத்தில். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரம் ஓட்டாமல் விட்டால் கத்திகளின் மேல் செம்மண் பூசினாற்போலத் துரு படிந்துவிடும். எண்ணெய் தடவாவிட்டால் அந்தத் துரு, அரைத்த மூடித் துருவலில் கலந்து வெள்ளைப் பொருளில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். தடவினாலோ எண்ணெய் பட்ட துருவல் சரியாக ஒட்டாது. ஆகவே ஒவ்வொரு முறையும் அரைப்பதற்கு முன் கம்பிப் பிரஷால் தேய்ப்பதும், அரைத்து முடித்ததும் எண்ணெய் இடுவதும், அடுத்த முறை அந்த எண்ணெயைத் துடைப்பதுமாக, ஒரு மணி நேர வேலைக்கு ஒன்றரை மணி நேரப் பராமரிப்பு தேவைப்பட்டது. ஒருநாள் மூடியோடு ஒட்டியிருந்த பாட்டில் கழுத்துத் துண்டு ஒன்றும் துருவலில் கலந்துவிட்டது. மூடிகளில் பெரும்பாலானவை எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் வகை, 130 டிகிரி அளவிலேயே உருகிவிடும். பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் உருக 250 டிகிரி அளவு வேண்டும். உருகாத அந்தத் துண்டு முனைத்துளையை அடைத்துக்கொண்டதால், குழாயை மறுபடி சூடாக்கிக் கழற்றிச் சுத்தம் செய்வதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

பலகை அழுத்தியில் இந்தத் தொல்லைகள் இல்லை. இரண்டு அலுமினியத் தகடுகள், அவற்றில் பொருத்திய ஹீட்டர்கள், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு கருவி, புதுப்பேட்டையில் வாங்கிய பழைய கார் ஜாக்கி ஒன்று, அவ்வளவுதான். கெட்டுப்போவது பெரும்பாலும் ஹீட்டராகவோ வெப்ப உணரியாகவோ இருக்கும்; மின்னணு உதிரிபாகக் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போய் வந்தால் அன்றைக்கே சரியாகிவிடும். மூடிகளை அரைக்கவே வேண்டாம். பிளாஸ்டிக் ஒட்டாத டெஃப்லான் துணியின் மேல் முழுதாகப் பரப்பி, 180 டிகிரியில் பொறுமையாக வைத்திருந்து, காற்றுக்குமிழி வெளியேற ஜாக்கியைச் சிறிது சிறிதாக ஏற்றினால் போதும். ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைந்த சதுரமும் ஒரு செ.மீ. கனமும் உள்ள பலகைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல், அதாவது 700 மூடிகளுக்கு மேல் செல்லும். ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்குவதால், முழுதும் ஆறும் வரை அழுத்தத்தைத் தளர்த்தக் கூடாது. எங்கள் முதல் பலகையை அவசரப்பட்டு எடுத்ததில் அது அப்பளம்போல் வளைந்துவிட்டது. இப்போது இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுகிறோம். காலையில் துணியை உரிக்கும்போது, நீலமும் சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று இழைந்து சலவைக்கல்லின் ரேகைபோல ஓடியிருப்பதைப் பார்ப்பதற்காகவே குழந்தைகள் பள்ளி வேனுக்கு முன்பே மாடிக்கு ஓடி வருகிறார்கள்.

எம்முறையானாலும் தரம் பிரிப்பது தப்பாது. எச்.டி.பி.இ. மூடியையும் பாலிபுரொப்பிலீன் மூடியையும் கலந்தால் பலகை ஏடு ஏடாகப் பிரியும். இரண்டுமே தண்ணீரில் மிதப்பதால் மிதக்கவிட்டுப் பிரிக்கவும் முடியாது. மூடியின் உட்புறத்தில் 2 (எச்.டி.பி.இ.), 5 (பாலிபுரொப்பிலீன்) என்று இருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பி.வி.சி.யைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வரும் என்பதால் அதைக் கிட்டவே சேர்ப்பதில்லை. பலகையை அறுக்கும்போது உதிரும் தூளை ஈரத்துணி விரித்துச் சேகரித்து அடுத்த பலகையில் போட்டுவிடுகிறோம்.

பின்னுவதைப் பற்றி மூன்று மாத அனுபவமே எனக்கு உண்டு. மின்சாரம் வேண்டாம், புகை இல்லை, மூடி இல்லாத பாட்டிலுக்கும் வழி கிடைக்கிறது. ஆனால் சிவன் கண் முடிச்சில் வயர் கூடை பின்னிப் பழகிய எங்கள் மூன்றாம் மாடி அம்மா, "ஓரம் கையை அறுக்குதுப்பா, கடை வயர் மாதிரி வளைஞ்சு கொடுக்கலை" என்று இரண்டாவது கூடையோடு நிறுத்திக்கொண்டார். இன்னும் நன்றாகச் சீவும் கருவி இருந்தால் நிலைமை மாறலாம். கடலிலிருந்து தள்ளி, அம்பத்தூர் பக்கம், தினமும் இயந்திரத்தை ஓட்ட ஆள் இருக்கும் குழுவுக்கு இன்ஜெக்‌ஷனே பொருந்தவும் கூடும். வாரத்தில் ஒருநாள் மட்டும் கூடும் எங்களைப் போன்றவர்கள் கத்தி இல்லாத இயந்திரத்தையே தேர்ந்தெடுக்கலாம். எங்கள் பழைய அரவை இயந்திரம் தார்ப்பாய்க்குள் இருக்கிறது, வேண்டுபவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.