சர்க்கரை நோய்க்கான கைப்பேசிச் செயலி: ஒரு மதிப்பீடு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்தி 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வின்படி, கிராமப்புறத்தில் 8.9 சதவீதமாக இருக்கும் நீரிழிவுப் பாதிப்பு நகர்ப்புறத்தில் 16.4 சதவீதமாக உள்ளது. சென்னையில் வசிக்கும் என் தாயாருக்காக நாங்கள் சந்தா செலுத்திப் பயன்படுத்தும் செயலியும் இந்த நகரவாசிகளை நம்பியே சந்தைக்கு வந்திருக்கிறது.

குளுக்கோமீட்டரில் எடுத்த அளவு புளூடூத் வழியாகத் தானாகவே பதிவாகிவிடுவதும், வெறும் வயிற்று அளவையும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவையும் தனித்தனி வரைபடமாகக் காட்டுவதும் இதன் பெரும் பலம். ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியை மட்டுமே சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் தெரியாத அன்றாட ஏற்ற இறக்கங்களை மருத்துவர் இவ்வரைபடத்தில் கண்டு, இரவு மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

உணவுப் பதிவு அந்த அளவுக்குத் தேறவில்லை. இட்லியை எண்ணிக்கையில் ஏற்கும் செயலி, வத்தக்குழம்பு சாதத்தைக் ‘கப்’ கணக்கில் கேட்கிறது. எங்கள் வீட்டிலோ கரண்டிதான் அளவு. பாகற்காய்ப் பொரியலைத் தேடினால் பாகற்காய்ச் சிப்ஸ் வந்து நிற்கிறது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மாலை நடைக்குப் பின் சர்க்கரை அளவு (மி.கி./டெ.லி. கணக்கில்) 64 எனப் பதிவானபோது, 70க்குக் கீழே இறங்கினால் தாழ்சர்க்கரை என்பதால் உடனே குளுக்கோஸோ சர்க்கரை கரைத்த நீரோ கொடுக்க வேண்டிய அந்த நேரத்தில், திரையில் பச்சை நிறத்தில் பாராட்டுச் செய்தி ஒளிர்ந்ததை மன்னிக்க இயலாது. புகார் அனுப்பினோம், ‘கருத்துக்கு நன்றி’ என்ற தானியங்கிப் பதில் மட்டுமே வந்தது.

சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா (உடலில் இன்சுலின் சுரப்பைத் தூண்டும்) வகை மாத்திரை எடுப்பவர்கள், அமைப்புகளுக்குள் சென்று கீழ் எச்சரிக்கை வரம்பைத் தாமே 70 என மாற்றிய பிறகே இதைப் பயன்படுத்த வேண்டும். மாத்திரை நினைவூட்டல் மட்டும் தேவைப்படுவோருக்கு இலவசப் பதிப்பே போதும்.