லாரி எடைமேடையில் எங்கள் கேரவன்

சமையலறையும் படுக்கையும் கொண்ட எங்கள் கேரவனை நெடும்பயணம் கிளம்புவதற்கு முன் லாரிகளுக்கான எடைமேடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். தண்ணீர்த் தொட்டியும் டீசலும் சமையல் எரிவாயுவும் நிரம்பியிருக்க, பயணிக்கும் நால்வரும் உள்ளே அமர்ந்திருக்க, சாலையில் ஓடும் அதே நிலையில்தான் வண்டியை நிறுத்தினேன். 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ என்பதால், காலி வண்டியின் எடையை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஊழியர் முதலில் நீட்டிய சீட்டில் மொத்த எடை மட்டும் இருந்தது: 3,440 கிலோ. வண்டியின் தகட்டில் பொறித்துள்ள வரம்பு 3,500 என்பதால், அதோடு நிம்மதியாகத் திரும்பியிருக்கலாம். ஆனால் அதே தகட்டில் முன்சக்கரங்களைத் தாங்கும் முன்னச்சுக்கு 1,850, பின்சக்கரங்களைத் தாங்கும் பின்னச்சுக்கு 2,000 என்று வேறு இரண்டு வரம்புகளும் உண்டு. இவற்றைக் கூட்டினால் 3,850 வருகிறதே என்று அவ்வளவு ஏற்றிவிடக் கூடாது. மூன்று வரம்புகளில் எதையும் தாண்டக் கூடாது என்பதே கணக்கு. அச்சுவாரியாக எடை வேண்டும் என்று கேட்டதும், "லாரிக்காரங்களே இதக் கேக்க மாட்டாங்க சார்" என்று சிரித்தாரே தவிர அவர் மறுக்கவில்லை. முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறையும், அவற்றை மறுபுறம் இறக்கிப் பின்சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு முறையும் பொறுமையாக எடை எடுத்துத் தந்தார். முன்னச்சில் 1,380, பின்னச்சில் 2,060. மொத்தத்தில் 60 கிலோ மிச்சமிருந்த வண்டி, பின்னச்சில் வரம்பை 60 கிலோ தாண்டியிருந்தது!

காரணம், பின்புறம் தொங்கிய மிதிவண்டிகளும் பெட்டியும். அவற்றின் எடை 90 கிலோதான். ஆனால் பின்னச்சுக்கு 1.8 மீட்டர் பின்னால், 4 மீட்டர் அச்சு இடைவெளி கொண்ட வண்டியில் தொங்கும்போது, ஏறி இறங்கும் சீசாப் பலகையைப் போல அவை முன்னச்சிலிருந்து சுமார் 40 கிலோவைத் தூக்கி, பின்னச்சின் மீது 130 கிலோவாக அமர்கின்றன. அவற்றை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு மறுபடி நிறுத்தியபோது பின்னச்சு 1,930, முன்னச்சு 1,420 என்று காட்டியது. கணக்கும் மேடையும் ஒத்துப்போனதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

குறை ஒன்றும் உண்டு. மேடையின் இருபுறமும் உயர்ந்த தடுப்புச் சுவர் இருப்பதால், ஒரு பக்கச் சக்கரங்களை வெளியே விட்டு இடது, வலது எடைகளைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. எங்கள் வண்டியில் குளிர்பெட்டி, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி மூன்றும் ஒரே பக்கம் இருக்கின்றன. 112 என்ற சுமைக் குறியீடு கொண்ட எங்கள் டயர் ஒன்று 1,120 கிலோ வரையே தாங்கும். பாரம் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால், அச்சு வரம்புக்குள் இருக்கும்போதே ஒரு டயர் திணறக்கூடும். காற்றழுத்தத்தையும் கனமான பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்து இருபுறமும் ஒரே அளவாக அடிக்க வேண்டும். இதற்குச் சக்கரத்துக்கு ஒன்றாக வைக்கும் தட்டையான தராசுகள் உள்ள இடத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இந்த எடைமேடைக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். போகிறவர்கள் மூன்று எடைகளும் வேண்டும் என்பதை மேடையில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். சீட்டையும் உடனே படம் பிடித்துக்கொள்ளுங்கள், என்னுடையதில் எண்கள் இப்போதே மங்கத் தொடங்கிவிட்டன.