ஃபான் மாத்தத் தேவையில்லை எண்டு சொன்ன பொயிலர்காரத் தம்பி

லண்டனில ஹாரோ பக்கம், வீட்டைச் சூடாக்கிற காஸ் பொயிலர் திருத்த ஆள் தேடுறவைக்காக எழுதுறன். நாலு நட்சத்திரம். ஒண்டை ஏன் வெட்டினனான் எண்டு பிறகு சொல்லுறன்.

எங்கட பொயிலர் பழசு. 2005இல கொண்டென்சிங் வகை (புகையோட போற சூட்டையும் திருப்பி எடுக்கிறது) கட்டாயமாகிறதுக்கு முந்திப் பூட்டினது. ஹீற்றிங் போட்டால் ஃபான் ஊ எண்டு சுத்தும், ஆனால் நெருப்புப் பத்தாது. கொஞ்சத்தில சிவப்பு லைற் வந்திடும். ஜனவரிக் குளிர், வீட்டில வயசான மாமி வேற. முதல் போன் பண்ணின கொம்பனி ஆளை அனுப்பாமலே, "ஃபான் பழுதாப் போயிட்டுது, மாத்த 380 பவுண்" எண்டிச்சினம். சுத்துற ஃபான் எப்பிடியப்பா போகும்?

இந்தத் தம்பி வந்தவுடன, கேக்காமலே காஸ் வேலைக்குப் பதிஞ்ச ஆள் எண்டு காட்டுற காஸ் சேஃப் கார்டை ரெண்டு பக்கமும் காட்டினார். என்னென்ன வேலைக்கு அனுமதி எண்டு பின்பக்கத்திலதான் இருக்கும். கனபேர் அதைத் திருப்பிப் பாக்கிறேல்லை.

மூடியைக் கழட்டி மீற்றர் வைச்சார். ஃபானுக்கு 230 வோல்ற் ஒழுங்கா வருகுது. ஆனால் ஃபான் சுத்தினால் மட்டும் காணாதாம். காத்து ஒழுங்கா இழுபடுது எண்டு ஒரு சின்னப் பிரஷர் சுவிட்ச் அறிஞ்சாத்தான் காஸ் திறக்குமாம். அந்தச் சுவிட்சுக்குப் போற மெல்லிய ரப்பர் குழாயைக் கழட்டினால், நுனி வெடிச்சு உள்ளுக்குத் தண்ணி நிக்குது. முழு வருத்தமும் அதுதான்.

என்ர மனுசன் பக்கத்தில நிண்டு, "உந்தச் சுவிட்சை விட்டிட்டு நேர வயரைக் குடுக்கேலாதோ?" எண்டார். தம்பிக்கு முகம் மாறிட்டுது. "அங்கிள், புகை வெளியில போகாட்டி காபன் மொனொக்சைட் வீட்டுக்குள்ளதான் வரும். நான் செய்யமாட்டன், வேற ஆரும் செய்யவும் விடாதேங்கோ."

புதுக் குழாய் போட்டு மூடின பிறகும் உடன வெளிக்கிடேல்லை. புகையை மிசின் வைச்சு அளந்து, இலக்கத்தை எனக்கும் காட்டிப்போட்டுத்தான் பெட்டியைக் கட்டினார். "ஃபான் நல்லாயிருக்கு அன்ரி. கரகரத்தால் சொல்லுங்கோ, அப்ப மாத்துவம்." எல்லாத்துக்கும் 95 பவுண்.

குறை என்னெண்டால், காலமை வாறன் எண்டவர் பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகுதான் வந்தவர். ஒரு போன் கூட இல்லை. பில்லையும் நானாக் கேட்டுத்தான் வாங்கினனான். வீடு வாடகைக்கு விட்டிருக்கிறவை கட்டாயம் எழுத்தில கேட்டு வாங்குங்கோ.

வருசாந்த சேர்விசுக்கும் இவரைத்தான் கூப்பிடப்போறன், எனக்கு வேலை இல்லாத நாளாப் பாத்து.