பூட்டி வைத்த டிஎன்எஸ் கட்டம்: ஃபைபர் இணைப்பும் அதனுடன் வந்த ரூட்டரும், பதினொரு மாதங்களுக்குப் பின்

காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரில், ஆறு புள்ளிகளுக்கு, அதாவது ஆறு பங்காளிக் குடும்பங்களுக்குப் பொதுவான எங்கள் பூர்வீக வீட்டுக்குப் பதினொரு மாதங்களுக்கு முன் ஃபைபர் இணைப்பு வாங்கினோம். அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் நானும் அப்பத்தாவும் மட்டுமே. மற்றப் பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, முகப்பிலும் வளவிலும் (நடு முற்றம்) இரண்டாங்கட்டிலும் (அதற்குப் பின்னுள்ள பகுதி) பொருத்தியிருக்கும் கேமராக்களின் வழியாக வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். எனவே இணையம் எங்களுக்கு முதலில் காவலுக்கும் பிறகே பொழுதுபோக்குக்கும் வேண்டியது. அந்தத் தேவையை வைத்தே இந்த இணைப்பை மதிப்பிடுகிறேன். கீழே சொல்லப்போகும் குறையை ஏறக்குறைய அப்படியே அக்கம்பக்கத்தில் வேறு இணைப்புகளிலும் பார்த்துவிட்டதால், நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை.

இணைப்பைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. லேன் கேபிளில் சோதித்தால், சொன்ன வேகம் எந்த நேரத்திலும் வருகிறது. மழையில் ஒருமுறை தெருவில் ஃபைபர் அறுந்தபோது மறுநாள் காலையிலேயே ஒட்டிக் கொடுத்தார்கள்.

சிக்கல் மாலை ஏழு மணிக்கு மேல்தான் தொடங்கும். ஒரு பக்கத்தைத் திறந்தால் மூன்று, நான்கு வினாடிகள் வெள்ளையாகவே நிற்கும். பிறகு முழுப் பக்கமும் ஒரேயடியாக வந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ மட்டும் ஒருபோதும் தடைப்படாது. கேமராப் பதிவுப் பெட்டியோ இணையத்தில் இல்லை என்று காட்டும், உடனே சென்னையிலிருந்து பெரியப்பா, “தம்பி, வீட்டில் கரண்ட் இல்லையா?” என்று அழைப்பார். வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒவ்வொரு முறையும் ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். வேகம் குறையாமல் தொடக்கம் மட்டும் தாமதமானால், முதலில் சந்தேகிக்க வேண்டியது டிஎன்எஸ் சேவையகத்தைத்தான். நாம் தட்டச்சு செய்யும் தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித் தரும் ஏற்பாடு அது. 1983-இல் பால் மாக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. ஒரு செய்தித்தளத்தின் முகப்புப் பக்கம் மட்டுமே படங்களுக்கும் விளம்பரங்களுக்குமாகப் பல பெயர்களைத் தேடச் சொல்லும் என்பதால், பெயர் தேடித் தருகிற இடம் திணறினால் எத்தனை வேகமான இணைப்பும் காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இதை உறுதி செய்துகொள்ள மடிக்கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து ‘என்எஸ்லுக்கப்’ கட்டளையில் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தேன். நேரம் கடந்துவிட்டது, 2 வினாடி காத்திருந்தாயிற்று என்ற வரி இருமுறை வந்த பிறகே விடை கிடைத்தது. அதே கட்டளையின் இறுதியில் கூகுளின் பொது டிஎன்எஸ் சேவையகமான 8.8.8.8 என்ற முகவரியைச் சேர்த்துக் கேட்டபோது, என்டர் விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் விடை வந்துவிட்டது. அடுத்த மூன்று மாலைகளிலும் இப்படியே நடந்தது. நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸ் சேவையகம்தான் மாலை நேரத்தில் தளர்கிறது என்பதில் அதன் பிறகு எனக்கு ஐயமில்லை.

மாற்றிவிடலாம் என்று ரூட்டரின் அமைப்புகளை மாற்றும் 192.168.1.1 பக்கத்துக்குப் போனேன். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு நுழைந்தால், வெளி இணைப்புக்கான பக்கத்தில் டிஎன்எஸ் எண்ணுக்குரிய இரண்டு கட்டங்களும் சாம்பல் நிறத்தில் தெரிகின்றன. எதையும் மாற்ற முடியவில்லை. நிறுவனத்தின் தனிக் கடவுச்சொல் இருந்தால்தான் அவை திறக்குமாம். மாதந்தோறும் தவறாமல் கட்டணம் செலுத்துகிறவருக்குத் தன் வீட்டுப் பெட்டியில் இரண்டு எண்களை எழுத உரிமையில்லை என்பதுதான் இந்தச் சேவையின் மீது எனக்குள்ள முதன்மையான வருத்தம்.

வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி பக்கத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். வீட்டிலுள்ள கருவிகளுக்கு எந்த டிஎன்எஸ் முகவரியைக் கொடுப்பது என்பதை அங்கே எழுதலாம். முதலில் கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனத்தின் பொது டிஎன்எஸ் முகவரியான 1.1.1.1-ஐக் கொடுத்தேன்; பதிலே இல்லை. அதன் துணை முகவரியான 1.0.0.1 உடனே பதிலளித்தது. 2018 ஏப்ரலில் அந்தச் சேவை தொடங்கியபோதே, சில வகை ரூட்டர்கள் 1.1.1.1 என்ற எண்ணைத் தம் உள்வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. எங்கள் பெட்டியும் அந்த வகைதான் போலிருக்கிறது. 1.0.0.1-ஐ எழுதிப் பதிவுப் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டதும் கேமராக்கள் சீராயின.

ஆனால் மடிக்கணினியும் கைப்பேசியும் முன்போலவே திணறின. காரணம் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. இணைய எண் முகவரிகளில் (ஐபி) பழைய நான்காம் பதிப்பு, புதிய ஆறாம் பதிப்பு என இரண்டு உண்டு. நான் மாற்றியது நான்காம் பதிப்புக்கான டிஎன்எஸ் முகவரியை மட்டுமே. ரூட்டர் ஆறாம் பதிப்பின் வழியாக நிறுவனத்தின் டிஎன்எஸ் முகவரிகளைத் தனியே அறிவித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் பெற்ற கருவிகள் அந்தப் பழைய இடத்தையே கேட்டுக்கொண்டிருந்தன. பதிவுப் பெட்டி நான்காம் பதிப்பு மட்டுமே அறிந்தது என்பதால் தப்பியது. டிஎன்எஸ்ஸை மாற்றியும் பலனில்லை என்று சொல்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஆறாம் பதிப்புக்கும் எண் உண்டு, கூகுளுடையது 2001:4860:4860::8888. எங்கள் ரூட்டரில் அதை எழுத வேண்டிய பக்கமும் பூட்டியே இருந்தது.

மூன்றாவது வாரம் கேமராக்கள் மீண்டும் நின்றன. இரவோடு இரவாக ரூட்டருக்குப் புதிய மென்பொருள் வந்து, நான் எழுதிய எண்களை அழித்துவிட்டிருந்தது. டிஆர்-069 என்ற முறையில் நிறுவனங்கள் வீட்டு ரூட்டர்களைத் தொலைவிலிருந்தே நிர்வகிக்கின்றன. பழுது பார்க்கவும் பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யவும் அது தேவை என்பதை ஏற்கிறேன். எனினும், வாடிக்கையாளர் செய்த மாற்றத்தைக் காப்பாற்றாமல், ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பாமல் அழிப்பது முறையன்று.

தீர்வு, எங்கள் பகுதிக்கு வரும் டெக்னீசியன் தம்பியால் கிடைத்தது. பொறுமையாகக் கேட்டவர், “அண்ணே, பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாத்தித் தர்றேன், சொந்த ரூட்டர் போட்டுக்கங்க” என்றார். அப்படி மாற்றினால் நிறுவனத்தின் பெட்டி ஒளியை மின்குறிகையாக மாற்றுவதோடு நின்றுவிடும். இணைப்பைத் தொடங்குவது முதல் முகவரி வழங்குவது வரை எல்லாம் நம் ரூட்டரின் பொறுப்பு. அதற்கு, நம் ரூட்டர் நிறுவனத்தின் வலையமைப்பில் நுழையும் முறையான பிபிபிஓஇ-க்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். அவற்றைப் பெற அலுவலகத்துக்கு இரண்டு முறை நடந்தேன். இணைப்போடு தரைவழித் தொலைபேசியும் வைத்திருப்பவர்கள், மாற்றிய பிறகும் அது வேலை செய்யுமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது. சொந்த ரூட்டரை முகப்பிலிருந்து கேபிள் இழுத்து வளவில் வைத்ததில், எங்கள் கனத்த சுவர்களைத் தாண்டாமல் நின்ற வைஃபையும் இரண்டாங்கட்டு வரை எட்டியது.

புதிய ரூட்டரில், இரண்டு பதிப்புகளுக்கும், குவாட்9 என்ற பொது டிஎன்எஸ் சேவையின் முகவரிகளை எழுதியிருக்கிறேன்; நான்காம் பதிப்புக்கு 9.9.9.9, 149.112.112.112. வங்கியின் பெயரில் வரும் போலி இணைப்புகளை அப்பத்தா அழுத்திவிடுவாரோ என்ற அச்சம் எனக்கு எப்போதும் உண்டு. தீங்கானவை என்று அறியப்பட்ட பெயர்களுக்கு இந்தச் சேவை விடை தராது. குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு, ஆபாசத் தளங்களையும் சேர்த்துத் தடுக்கும் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3 பொருந்தும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டாவது கட்டத்திலும் அதே சேவையின் முகவரியையே எழுதுங்கள். முதலாவது பழுதானால் மட்டும் ரூட்டர் இரண்டாவதைக் கேட்கும் என்பதற்கு உறுதியில்லை, அங்கே 8.8.8.8 இருந்தால் தடுப்பு வேலை செய்யாமல் போகலாம்.

டிஎன்எஸ்ஸை மாற்றுவதால் பதிவிறக்க வேகம் அதிகரிக்காது. ரூட்டரில் இப்படி எழுதும் டிஎன்எஸ் பொதுவாக மறையாக்கம் (என்கிரிப்ஷன்) இல்லாமலேயே போகும் என்பதால், எந்தத் தளத்தைத் தேடுகிறோம் என்பதை இணைய நிறுவனம் விரும்பினால் பார்க்கவும் முடியும். அது வேண்டாம் என்பவர்கள் ஆண்ட்ராய்டு 9 முதல் கைப்பேசிகளில் உள்ள ‘பிரைவேட் டிஎன்எஸ்’ வசதியைத் தனியே அமைத்துக்கொள்ளலாம்; அங்கே எண்ணுக்குப் பதிலாகச் சேவையகத்தின் பெயரைத் தர வேண்டும்.

நான்கு மாதங்களாகப் பெரியப்பாவிடமிருந்து கரண்ட் விசாரிக்கும் அழைப்பு வரவில்லை. ஃபைபர் இணைப்புக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன். உடன் வந்த ரூட்டருக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. வாடிக்கையாளர் கடவுச்சொல்லிலேயே டிஎன்எஸ் கட்டங்களைத் திறந்துவிட வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் திறக்கும் வரை, இந்த இணைப்பை வாங்க நினைப்பவர்கள் நிறுவ வருகிறவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பிரிட்ஜ் மோடு கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.