குவான்சோவுக்கு அரை நாள் காணாது

சீனாவுக்கு ஏழு நாள் பயணம். யாழ்ப்பாணம் ரவுணில இருக்கிற ஒரு முகவரிட்டத்தான் பதிஞ்சனாங்கள். விசா, ரிக்கற், ஹோட்டல் எல்லாம் குறையில்லாமல் செய்து தந்தவை. ஆனால் நான் ஆசைப்பட்டுப் போன குவான்சோவுக்கு அவை ஒதுக்கினது அரை நாள்தான்.

நான் பிறந்தது அல்லைப்பிட்டி. 1977-இல எங்கட ஊரில சோங் அரச வம்சத்துக் காலத்து (10–13ஆம் நூற்றாண்டு) சீனப் பாண்டத் துண்டுகள் வெளிப்பட்டபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அந்தச் சாமானுகள் கப்பலேறின கரை எப்பிடியிருக்கும் எண்டு அண்டையில இருந்து மனசில ஒரு ஆசை. குவான்சோ அந்தக் காலத்துப் பெருந்துறைமுகங்களில ஒண்டு. 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைச்சதும் அங்கதான். செகாசை கான் எண்ட மொங்கோலிய அரசரின்ர உடல்நலத்துக்காகச் சம்பந்தப் பெருமாள் எண்டவர் சிவனை எழுந்தருளப்பண்ணினதை அது சொல்லுது.

சியாமெனில இருந்து பஸ்ஸில போய் முதல்ல இறங்கினது 686-இல தொடங்கின கையுவான் புத்த கோயில். வழிகாட்டிப் பிள்ளை எங்களை நேர பெரிய மண்டபத்துக்குப் பின்னால கூட்டிக்கொண்டு போனா. அங்க ரெண்டு கல்தூண். இடிஞ்சுபோன இந்துக் கோயில் ஒண்டின்ர தூணுகளாம். பிறகு வந்த மிங் அரச வம்சத்துக் காலத் திருத்த வேலையில இங்க கொண்டந்து நிறுத்தினவையாம். ஒரு வட்டத்துக்குள்ள நரசிங்கர். இன்னொண்டில மரங்களைச் சாய்க்கிற கண்ணன். எனக்குக் கை தன்பாட்டில கூம்பிச்சுது. உரலில கட்டின கதையை நான் சொல்ல, அந்தப் பிள்ளை கொப்பியில எழுதி எடுத்தா. அவவுக்கு முழுப் புள்ளியும் குடுப்பன்.

முற்றத்தில ரெண்டு கல் கோபுரம், கிழக்குப் பக்கத்தது 48 மீற்றர். 1604-இல வந்த பெரிய நிலநடுக்கத்துக்கும் விழேல்லை. மேற்குக் கோபுரத்தில குரங்கு முகத்தோட ஒரு வீரன் நிக்கிறார். எங்கட அனுமாரோ எண்டு என்ர மனுசன் கேட்டார். அப்பிடிச் சொல்லுற ஆய்வாளரும் இருக்கினமாம்.

மேற்கு வீதி நல்ல வடிவு. செங்கல் வீடுகள், கூரை முனை தகைவிலான் குருவி வால் மாதிரி மேல வளைஞ்சிருக்கும். அங்க ஒரு சின்னக் கடையில நூல் மாதிரி நூடில்ஸைக் கூழ்ப் பதத்தில காய்ச்சி, சிப்பி போட்டுத் தந்தவை. உறைப்பில்லை, ஒடியல் மா வாசமில்லை, எண்டாலும் கூழ் குடிச்ச திருப்தி.

லொயாங் பாலத்துக்குப் போகேக்க வத்துக்கடல். 1053 தொடக்கம் 1059 வரை கட்டின கல்லுப்பாலம் அது. அத்திவாரக் கல்லுகள் ஒண்டோடொண்டு ஒட்டிப் பிடிக்கவேணுமெண்டு அதில சிப்பி வளர்த்திருக்கினம். ரெண்டு பக்கமும் கண்டல், சேறு, உப்புக் காத்து. பண்ணைப் பாலத்தால வீட்ட போற நினைப்பு வந்திட்டுது. கண் கலங்கினதை இவர் கண்டுட்டு ஒண்டும் கதைக்கேல்லை.

அதுக்குப் பிறகுதான் பிழை நடந்தது. கடல்சார் அருங்காட்சியகம் எங்கட பட்டியலில இருந்தது. அந்த நகரில கிடைச்ச இந்துக் கோயில் சிற்பங்கள் கனக்க அங்கதான் வைச்சிருக்கு. நேரமில்லை எண்டு சொல்லி, அதை விட்டுட்டு ஒரு தேயிலைக் கடைக்குக் கொண்டுபோய் ஒண்டரை மணித்தியாலம் இருத்தி வைச்சவை. அந்தப் பிள்ளையில குற்றமில்லை, மேலிடத்து ஏற்பாடு. இன்னும் எனக்கு மனம் ஆறேல்லை.

போறவை பதியக்கையே குவான்சோவில ரெண்டு இரவு வேணுமெண்டு கேளுங்கோ. கடைக்கு இறக்கக்கூடாது எண்டதையும் சேர்த்துத் தாளில எழுதி வாங்குங்கோ.